பதினாறாம் பக்கம்

ஜவ்பர் நானாவின் தராசில்
ஒரு தட்டில் படிக்கல்,
மறு தட்டில் ஏழு பொம்மைப் புத்தகங்கள்.
முக்கால் கிலோவுக்குச் சற்றுக் கூட.
உவர்மலையில் பார்தலட் வீட்டை ஒதுக்கியபோது
தையல் மெசின், தகரப் பெட்டி, கிளி இல்லாத கிளிக்கூடு
எல்லாவற்றோடும் சேர்ந்து வந்ததாம்.
"எலி தின்னாத பேப்பர் தங்கச்சி,
கச்சான் சுத்த நல்லம்" என்றார்.
நூற்றிருபது ரூபாய் கொடுத்தேன்.

அச்சடித்தவன் அன்றைக்கு அவசரத்தில் இருந்திருக்கிறான்.
பன்றியின் சிவப்புக் கால்சட்டை
பன்றியை விட்டு அரை விரல் தள்ளி நிற்கிறது.
வாத்து நர்சம்மாவின் மஞ்சள் அலகு
அவளுக்கு முன்னே நடந்து போகிறது.
கறுப்பு வெள்ளைப் பக்கங்களை
யாரோ கிளிஃபர்ட், வயது ஆறு,
பென்சிலால் திருத்தியிருக்கிறான்:
யானைக்கு மீசை,
முயல் தபால்காரனின் பைக்குள் ஒரு சூடை மீன்.
இனிப்புக்கான கூப்பனையும் அவனேதான் வெட்டியிருப்பான்;
அந்தச் சதுர ஓட்டைக்குள்ளால்
அடுத்த பக்கத்துப் பன்றியின் ஒரு காது.

என் மகள் மிதுஷாவுக்கு இங்கிலீஷ் வராது.
எனக்கும் அந்தப் பாட்டுகள் முழுசாய் வராது;
படத்துக்குக் கீழே நாலு நாலு வரி,
வால்கள் எல்லாம் ஒரே மாதிரி, அவ்வளவுதான் பிடிபடுகிறது.
"பன்றி என்ன சொல்லுது?"
பானைக்குள் இருந்து, கையில் கரண்டியோடு,
பன்றியும் என்னைத்தான் பார்க்கிறது.
சொல்லித்தானே ஆகவேண்டும்.

    பானைக்குள்ளே பன்றியார்
    பயணம் போனார் கடலிலே
    கரண்டி எடுத்துத் துடுப்புப் போட
    கஞ்சி வாசம் உடலிலே

"பிறகு?"
பிறகு என்னவென்று
அடுத்த கட்டத்தைப் பார்த்துத்தான் நானும் அறிகிறேன்.

அதில் வானத்திலிருந்து வெள்ளையாய் விழுகிறது.
நான் வாய் திறக்க முன்
"உப்பு" என்கிறாள்.
அவள் தகப்பன் நிலாவெளி உப்பளத்துக்கு லொறி ஓட்டுகிறான்;
வெள்ளையாய்க் குவிவது வேறென்ன?
உப்பு மழையில் கம்பளிக் கோட்டோடு வாத்து.
உப்பை உருட்டி உருட்டி
ஒரு உப்பு மனிதனைச் செய்து
அவனுக்குக் கரட்டில் மூக்கு வைக்கிறது முயல்.
பனியென்று நான் சொல்லவில்லை.
நானும் கண்டதில்லை, எதை நம்பிச் சொல்வது?

லொறிக்காரனுக்கு இரவு பாடிக் காட்டினாள்.
சாப்பாட்டுக் கையோடு கேட்டுவிட்டு
"பன்றிக்கு லைசன்ஸ் இருக்கா?" என்றான்.

ஞாயிறு பின்னேரம், கோட்டை வாசலுக்குள்,
ஆலமரத்து வேரில் இருந்து ஏழாவது புத்தகம்.
பானை நடுக்கடலில். அலை பெரிதாகிறது.
மூக்குக்கண்ணாடி போட்ட திமிங்கிலம் ஒன்று
தலையைத் தூக்குகிறது.
பக்கம் புரட்ட விரலை நாக்கில் வைத்தேன்,
அதற்குள் தோளுக்கு மேலால்
ஒரு ஈர மூக்கு.

கோட்டை மான்கள் புல்லைக் கண்டால் யோசிக்கும்,
பேப்பரைக் கண்டால் யோசிக்காது.
லொத்தர் துண்டு, வடை சுற்றிய கொப்பித்தாள்,
போன தேர்தலின் முகங்கள், எல்லாம் தின்னும்.
ஒரே இழுவை.
பதினாறாம் பக்கம் போயிற்று.
அசைபோட்டபடி எங்களைப் பார்த்தது,
கதை கேட்கிற முகத்தோடு.
கடைவாயில் கொஞ்ச நேரம் சிவப்பு தெரிந்தது,
கால்சட்டையோ, திமிங்கிலத்தின் தொப்பியோ.

மீந்தது பல்லின் வளைவும்
ஒரு கரண்டிப் பிடியும்.
அந்த மூலையில் முற்றும் என்று இருந்ததா,
தொடரும் என்று இருந்ததா,
கிளிஃபர்டுக்குத் தெரிந்திருக்கும்.
இப்போது மானுக்கும்.

மிதுஷா அழவில்லை.
டச்சுக்குடா வீதியில், பஸ் ஸ்டாண்டில்,
தபால் கந்தோர் மதிலடியில்
படுத்திருந்த ஒவ்வொரு மானின் பின்னங்காலையும்
குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டு வந்தாள்.
"இதுக்கு இல்ல.
இதுக்கும் இல்ல."

இரவு சோறு கிண்டக் கரண்டி தேடினேன்.
குசினியில் இல்லை, முற்றத்துத் தொட்டியடியிலும் இல்லை.
கேட்டேன்.
"கடலுக்க விழுந்திட்டுது" என்றாள்.
பானை மட்டும் கரைக்கு வந்ததாம்.